எல்லைக் கல்லுக்குள் ஓடிய வாரம்

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் நம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். இடித்த மஞ்சளும் ஈர வேப்பிலையும் கலந்த வாசனை தெருவோடு வந்து என் வாசலில் நின்றது. மற்றவர்களுக்கு அதை முகர்ந்தால் பக்தி வருகிறது. எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் ஆறாத கோபம். இதுவரை அதை உன் தங்கையிடம்தான் சொல்ல முடிந்தது. நான் அவளைக் கட்டிய நாளிலிருந்து அவள் உன் கட்சி. இப்போது முதியோர் வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். 'மச்சான்' என்று எழுதி, 'ச' மேல் புள்ளி வைத்ததும் உன் தலையில் குட்டிய மாதிரி எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும். நிதானமாகத் திட்டினால்தான் ருசி.

எனக்கு ஓடப் பிடிக்கும். அதற்கு மேல் காரணம் கிடையாது. நாமக்கல் பட்டறையில் லாரிக்குக் கூடு கட்ட நாளெல்லாம் பலகை தூக்குகிறவன், விடிவதற்கு முன்னே எழுந்து ரோட்டில் எதற்கு ஓட வேண்டும்? பால்காரர்கள் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங்க, ஊட்ல ஆருக்காச்சும் முடியலீங்களா?" என்று பதறுவார்கள். "இல்லீங்க, சும்மா" என்றால் முகம் கோணும். நாற்பது தாண்டிய குடும்பஸ்தன் சும்மா ஓடுகிறான் என்பது யாருக்கும் செரிக்கவில்லை. நீ மட்டும் ஏன் என்று கேட்டதில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே வருவாய். "கெணத்துல உளுந்தவனாட்டம் கையை வீசாதீங்க மாப்ள!" என்று கத்துவாய். ஊர் கேட்கும்போதுதான் அந்த 'ங்க'. யாரும் இல்லையென்றால், "டேய், மெதுவாப் போடா, எனக்கு மூச்சு வாங்குது." சைக்கிளில் வருகிறவனுக்கு மூச்சு வாங்கினதை நான் உன்னிடம்தான் பார்த்தேன்.

ஒரு வருஷம் இதே திருவிழாச் சமயத்தில் நாமக்கல்லில் யாரோ ஒரு சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். எந்த வயதுக்காரரும் ஓடலாம் என்று தட்டியில் இருந்ததைப் பட்டறையில் ஒருவர் படித்துச் சொன்னார். பரிசு எனக்கு வேண்டியதில்லை. என்னைப் போல் சும்மா ஓடுகிற இன்னொரு மனிதனை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. அப்படி ஒருத்தனாவது இருக்கிறானா, இல்லை, ஊர் சொல்கிற மாதிரி எனக்குத்தான் மறை கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதை உன்னிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பந்தயத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து வந்தவனைக் குளிக்க வைத்துக் கோயிலுக்கு இழுத்துப் போனாய். தீ மிதிக்கிறவர்களுக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கும்பிடத்தான் வந்தோம் என்று நின்றேன். நீ என் கையைப் பிடித்து நீட்டினாய். பூசாரி கட்டியே விட்டார்.

"மாப்ள பந்தயத்துல நல்லா ஓடோணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டனுங்க. அதுக்குத்தான் அவரத் தீ மிதிக்க உடறேன்" என்று பெருமையாகச் சொன்னாய்.

"பந்தயம் எப்பங்க சாமி?" என்றார் பூசாரி.

"வார ஞாயித்துக்கெழமைங்க. நாமக்கல்லுல."

"தீ மிதி அடுத்த பொதங்கெழமையல்ல? அதுவரைக்கும் காப்புக் கட்டுன ஆளு எல்லைக் கல்லத் தாண்டப்படாதே. எப்பிடிப் போவாரு?"

அப்போதுதான் உனக்கு அது உறைத்தது. வெளியூரான் செய்திருந்தால் மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் அந்தக் காப்பைப் பார்த்தவன் நீ. "அவுத்துப்புட்டு அப்பறமாக் கட்டிக்கலாமுங்களா?" என்று வேறு கேட்டாய். பூசாரி உன்னைப் பார்த்த பார்வையில் நானே கூசிப்போனேன். நான் அவிழ்த்திருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்கக்கூடும். அந்தக் கயிறு ஆத்தாள் பேரில் ஏறிவிட்டது. ஏற்றியது முட்டாளாக இருந்தாலும் ஏறியது ஏறியதுதான்.

பட்டறைக்கும் போக முடியாது. நான் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல மறுநாள் நீ ஓடினாய். உன் ஆயுசில் நீ ஓடியது அது ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்க, முளையில் கட்டின எருமை மாதிரி, ஏரிக்கரையிலிருந்து எல்லைக் கல், கல்லிலிருந்து ஏரிக்கரை என்று ஓடினேன். கல்லுக்கு அப்பால் அதே ரோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் கறி கிடையாது, தனிப் பாய், தனித் தட்டு. மஞ்சள் வேட்டியைத் துவைத்துத் துவைத்து உன் தங்கைக்குக் கை மஞ்சளாகிவிட்டது. "வெரதமும் இருக்கறீங்க, ஓட்டமும் ஓடறீங்க. மயக்கம் போட்டு உளுந்தா ஊரு ஆத்தாளச் சொல்லுமா, என்னையச் சொல்லுமா?" என்றாள். உங்கண்ணனைச் சொல்லும் என்றேன். "எங்கண்ணன் நல்லதுக்குத்தானுங்க பண்ணுச்சு" என்றவள் அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. உன்னால் எனக்கு வீட்டிலும் தோல்வி.

சனிக்கிழமை வந்து கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டாய். "மாப்ள, நான் ஒரு ரோசன பண்ணியிருக்கறேன். இந்தக் கல்ல இன்னுங் கொஞ்சம் அக்கட்டால நவுத்தி வெச்சா?"

"எது வரைக்கும்? நாமக்கல் வரைக்குமா?"

கொஞ்ச நேரம் நிஜமாகவே அதை யோசித்தாய். அப்புறம் எழுந்து போனாய்.

ஞாயிறு காலையில் நீ எங்கும் இல்லை. நான் ஓடக்கூட இல்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். நாமக்கல்லில் இந்நேரம் ஓட ஆரம்பித்திருப்பார்கள், இந்நேரம் முடித்திருப்பார்கள் என்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு பஸ் வந்து நின்றது. நீ இறங்கினாய். உன் பிடியில் ஒருவருடைய மணிக்கட்டு இருந்தது. ஒல்லியான மனிதர், என் வயதுதான். சட்டையில் வேர்வை உப்புப் பூத்திருந்தது. கழுத்தில், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் அணியும் உத்தரியக் கயிறு.

"மாப்ள, புடிச்சாந்துட்டேன்!"

பயந்துதான் போனேன். அவர் சிரித்தார். "அண்ணே, ஓடி முடிச்சிட்டு உக்காந்திருந்தோம். இவர் வந்து, எதுக்கு ஓடுறீங்க, எதுக்கு ஓடுறீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டே வந்தார். போலீஸ் வேலைக்குன்னாங்க, காலேஜ் கோப்பைக்குன்னாங்க, யாரையும் இவருக்குப் பிடிக்கல. நான் சும்மாதான்னேன். பிடிச்ச கையை இன்னும் விடல."

சேலத்துக்காரர், அச்சாபீசில் வேலை. வரச் சம்மதித்தாராம், ஒரே நிபந்தனை. "சாயங்காலப் பூசைக்குள்ள சேலம் போயாகணும்ணே. காலையில பூசைய விட்டுட்டு ஓட வந்ததுக்கே வீட்ல பேச்சு நின்னுபோச்சு." என் வீட்டிலும் அந்த வாரம் பேச்சு நின்றதைச் சொன்னேன். அவர் என் காப்பைப் பார்த்தார், நான் அவர் உத்தரியத்தைப் பார்த்தேன். பிறகு ஓடினோம்.

ஏரிக்கரையில் அத்தனை வருஷம் என் காலடி ஒன்றைத்தான் கேட்டிருந்தேன். அன்று பக்கத்தில் இன்னொன்று கேட்டது. முதலில் இரண்டும் தனித்தனியாக விழுந்தன, கொஞ்ச தூரத்தில் சேர்ந்தே விழுந்தன. நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் பின்னால் சைக்கிளில் வந்த நீதான். "வளவுல பாத்துத் திரும்புங்க! ஊருக்கு வந்த ஒறம்பரைக்கு வழி உடுங்க!" அந்த நல்ல நேரத்திலும் உன் வாயை மூடத் தெரியவில்லை உனக்கு.

புதன்கிழமை தீ மிதித்தேன். அது முதல் நீ சாகும் வரை, காப்புக் கட்டியதே உன் திட்டம், பந்தயத்துக்குப் போயிருந்தால் இப்படி ஒரு ஆள் கிடைத்திருப்பாரா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். மறுத்துப் பேச எனக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை. அதுதான் மச்சான் இன்றுவரை ஆறாதது.

இப்போது முழங்கால் ஓட விடுவதில்லை, நடக்கிறேன். கரையில் எப்போதும் ஓரமாகவே நடக்கிறேன், அன்று பக்கத்தில் கேட்ட காலடிக்கு ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு. "ஏனுங்க, சறுக்கி ஏரிக்குள்ள உளுந்துருவீங்க, நடுவால நடங்க" என்கிறார்கள் எதிரே வருகிறவர்கள். சரிங்க என்று நடுவே வந்து பார்க்கிறேன். நாலடி கூடப் போக முடியவில்லை.