தாழன் கதவைத் திறக்கவில்லை

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
சனிக்கிழமை

அன்பு மகள் விஜயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை கிரிதரும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படிதான் ஏற முடியவில்லை. இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை, மூன்று நாளாக நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று அம்மா கேட்டாள். இந்தச் சேதியைப் போனில் சொல்லி வீணாக்க மாட்டேன் என்றேன்.

வெங்கடநாராயணன் சாரை நீ மறந்திருக்க மாட்டாய். பாங்க் ஆபீசர், பவானிபூர் தமிழ்ச் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாரே, அவர்தான். ஏழு மதில் கோட்டைக் கதை என்றால் எல்லோரும் உயிரை விடுவோம். அதில் தாழன் என்று ஒரு பூதம், கோட்டை வாசலைக் காப்பவன், எழுத்து தெரியாதவன். எதிரி பொய் ஓலையை நீட்டியபோது படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு அவன் கதவைத் திறந்துவிட்டான், கோட்டை அழிந்தது என்று சார் கதையை முடித்தார். நான் அலிப்பூர் ஆபீஸில் கேட் காவல், சம்பளத்துக்குக் கைநாட்டு. அன்றைக்கே என்னைப் பார்த்து, "என்னடா தாழா, கதவைத் திறந்துட்டியா?" என்றார். நாற்பது வருஷமாக அதுதான் என் பெயர். பூஜைப் பந்தலில் உன்னைத் தாழன் பொண்ணு என்று கூப்பிட்டதும், நீ அழுதுகொண்டே வீட்டுக்கு வந்ததும், அதற்குப் பிறகு சங்கத்துப் படியையே மிதிக்காததும் எனக்கு மறக்கவில்லை அம்மா.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் சேர்ந்ததுதான் உனக்குத் தெரியுமே. பெங்காலி பேசும் நம் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் வசுமதி டீச்சரிடம் அந்தக் கதைப் புத்தகத்தை வாங்கினேன். படித்து முடிக்க எட்டு மாதம் ஆனது. கடைசி அத்தியாயம் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதற்காகக் காத்திருந்தேன்.

போன ஞாயிறு சங்கத்து ஹாலில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். பறக்கும் யானை, பேசும் மதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பாட்டு அதிகம். முடிவில் தாழன் கதவைத் திறக்கவில்லை. படம் முடிந்தால் சார்தான் முதலில் மைக் பிடிப்பார், அது வழக்கம். "எல்லாம் சரி, கடைசியிலே கெடுத்துட்டான். புஸ்தகத்துல தாழன் திறந்துவிடுவான்" என்றார். நான் எழுந்து போய் மைக்கைக் கேட்டேன். "நீ என்னடா பேசப்போறே?" என்றார். பேசவில்லை, படிக்கிறேன் என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். விரலை வரியில் வைத்து அரைப் பக்கம் படித்தேன். "எனக்கு எழுத்து தெரியாது, வந்தவன் முகம் தெரியும், திறக்க மாட்டேன்" என்று சொல்லித் தாழன் ஏழு நாள் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மைக் பார்க்கும் பெங்காலிப் பையன், "தாது, ஆரோ ஜோரே!" என்று கத்தினான். தாத்தா, இன்னும் சத்தமாக என்கிறான், நானும் சத்தத்தைக் கூட்டினேன். சார் எழுந்து போகப் பார்த்தார், அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அம்மாள் கையைப் பிடித்து, "உட்காருங்கோ, கேளுங்கோ" என்று உட்கார வைத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சார் வீட்டுக்கே வந்தார். "வெள்ளத்துல ரயில் நின்னு கடைசி எட்டு வாரம் பத்திரிகை வரலை அய்யாக்கண்ணு, நானாத்தான் முடிவு கட்டினேன். புஸ்தகத்தைக் கொடு, படிச்சுட்டுத் தரேன்" என்றார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. புத்தகத்தைத் தர மாட்டேன், தினமும் நாலு மணிக்கு வாருங்கள், நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்த எட்டு வாரத்தை மட்டும் படி என்றார். முடியாது, முதல் பக்கத்திலிருந்துதான் என்றேன். இப்போது தினமும் வருகிறார். நாளுக்கு ஒரு பக்கம். மொத்தம் அறுநூற்று நாற்பது.

குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். பூஜைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், வந்தால் நாலு மணிக்கு வீட்டில் இரு, அவர் உட்கார்ந்து கேட்பதை நீ பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
அய்யாக்கண்ணு