பாம்புக்கு நாலரை அடி

மலாங், 12 ஆகஸ்ட் 2006

அன்புள்ள யோனோ,

நலமாக இருப்பீர்கள். இரண்டு வாரம் என்று சொல்லிச் சுரபாயா போனீர்கள், நாலு மாதமாகிறது. உங்கள் மலைப்பாம்பு முன்னறையில்தான் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கை விடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஊறிப்போன செய்தித்தாள், சுண்ணாம்புபோல் எச்சம், துண்டு துண்டாய் உரிந்து ஒட்டிக் கிடக்கும் தோல். சாப்பிட உட்கார்ந்தாலும் விரலில் அந்த வாடை. "அம்மா, கூட்டாளிங்கள வீட்டுக்குக் கூப்பிடவே முடியல" என்கிறாள் நம் மகள் தியாஸ். போன வாரம் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. பெட்டியைச் சுற்றி உப்புக் கொட்டி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துப் போங்கள்.

உங்கள்,
ரெத்னோ

சுரபாயா, 3 செப்டம்பர்

ரெத்னோ,

உப்பு பாம்பைத் தடுக்காது. படித்தவள்தானே நீ? மூடிக்குக் கொக்கி போடு. பாம்பின் நீளத்துக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்கு. ஒரு ஓரம் வெதுவெதுப்பாக, மறு ஓரம் குளிர்ச்சியாக, இரண்டிலும் ஒளிய இடம். தினமும் தண்ணீர் மாற்று. பினாயில் ஊற்றாதே, செத்துவிடும்.

இங்கே கொண்டுவர முடியாது. இங்கே என்னோடு இருக்கும் நானிக்கைப் பற்றி உன் காதுக்கு வந்திருக்கும். அவளுக்குப் பாம்பென்றால் அருவருப்பு. நான் கட்டாயப்படுத்த முடியுமா? பெருநாளுக்கு வந்து பத்து நாள் இருப்பேன்.

யோனோ

மலாங், 10 அக்டோபர்

ஹர்யோனோ அவர்களுக்கு,

கண்ணாடிப் பெட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். திரும்பி வந்து டேப் பிடித்தேன். பாம்பு நாலரை அடி. உங்கள் பெட்டி இரண்டடி.

பாம்பு வளர்ப்போர் சங்கத்திலிருந்து ஒரு பெண்ணை வரச் சொன்னேன். அவள் மூக்கைப் பொத்தவில்லை. பெட்டியைப் பார்த்தாள். ஆறு வருடமாக இதிலேதான் என்றேன். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன்க்கா, ஆறு வருசமா இது உடம்ப நீட்டினதே இல்லியா?"

எனக்குக் கூசியது. இத்தனை நாளும் அருவருப்பு பாம்பின் மேல்தான் என்று நினைத்திருந்தேன்.

அவளிடமே கொடுத்துவிட்டேன். தியாஸும் நானும் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக்குள் முழு நீளத்துக்கும் கிடந்தது. வாடையே இல்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பாம்புக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. நானிக்குக்கு எது ஆகாது என்பதும் இருக்கிறது. தியாஸின் பெயர் இல்லை.

பெருநாளுக்கு வர வேண்டாம். உங்கள் துணிமணிகளை உங்கள் தம்பி வீட்டில் கொடுத்திருக்கிறேன். உப்பைக் கூட்டித் தள்ளிவிட்டேன். அது எதையும் தடுக்காது என்று நீங்கள் சொன்னது சரிதான். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று.

ரெத்னோ