மஞ்சள் தட்டான் இருந்த குட்டை

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அல்வால் பக்கம் நீ சைக்கிளில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த குட்டை இப்போது குவார்ட்டர்ஸ் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு சீமந்தத்துக்காக அங்கே போக வேண்டியிருந்தது. பின்பக்கம் சாக்கடை. அதன் மேல் ஆரஞ்சு நிறத் தட்டான்கள் நிறையப் பறந்தன. எந்த அழுக்கிலும் பிழைக்கிற ஜாதி என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உன்னுடைய தட்டான் ஒன்றுகூட இல்லை.

மஞ்சளும் கறுப்புமாகச் சிறகு. பட்டாம்பூச்சி மாதிரி மெதுவாகப் பறக்கும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்ததும் போய், கோரைக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நின்று பார்ப்பாய். "அக்கா, இதோட குஞ்சு தண்ணிக்குள்ள கொசுப்புழுவைத் தின்னுதான் வளருது. குட்டையை மூடிட்டா அதுங்க எங்க போகும்?" என்பாய்.

மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டாய். அது கை மாறி, நான் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசுக்குத்தான் வந்தது, சேகர். உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

கலெக்டர் பெயரில் போன பதிலை டைப் அடித்தது நான். "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. குட்டையில் கொசுவைத் தவிர உயிரினம் ஏதுமில்லை." யாரும் போய்ப் பார்க்கவில்லை. "சார், அங்கே பூச்சிங்க இருக்கு" என்று வாய்வரை வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய சமயம் அது. கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொடுத்தேன்.

அந்தக் காகிதத்தோடு நீ சமையல்கட்டுக்கு வந்தாய். "யாருக்கா போய்ப் பாத்தது? ஒருத்தன் வந்து நின்னிருந்தாலும் தெரிஞ்சிருக்குமே!"

"விடுடா, கவர்மென்ட் விஷயம்" என்றேன், அடுப்பைப் பார்த்தபடி.

"நக்கோக்கா, விட மாட்டேன். குஞ்சுங்களையே பிடிச்சு அவங்க மேஜையில வைக்கிறேன்."

காகிதத்தின் மூலையில், டைப் அடித்தவள் என்பதற்காக என் பெயரின் முதலெழுத்து இருந்தது. அதைப் பார்த்தாயா? பார்த்தும் கேட்காமல் விட்டாயா?

மறுநாள் காலையில் ஒரு கண்ணாடி பாட்டிலோடு போனாய். பாதிக் குட்டையில் லாரிகள் மண் கொட்டியிருந்தன. அந்த மண்மேடு சரிந்து, உன்னைச் சேற்றோடு அமுக்கிவிட்டது. வெளியே இழுத்தபோது பாட்டில் உன் கையில்தான் இருந்ததாம். உள்ளே நாலைந்து குஞ்சுகள் உயிரோடு ஊர்ந்தனவாம். போலீஸ்காரர் தரையில் கொட்டிவிட்டு பாட்டிலைத் தூக்கி எறிந்தார் என்று உன் சிநேகிதன் சொல்லி அழுதான்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "பூச்சி பிடிக்கப் போய்ச் செத்தான், பைத்தியக்காரப் பிள்ளை" என்கிறாள். ஒன்பது வருஷமாக நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அப்புறம் அவள் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் போகலாம். போகட்டும். நீ எதற்காகப் போனாய், யாரால் போனாய் என்று அவளுக்குத் தெரியாமல் இனி ஒரு வாரம்கூடப் போகாது. இது சத்தியம்டா.

உன் கூடப்பிறந்தவள்,
விஜயா