சொந்த வேண்டுகோளின் பேரில் இறங்கியவர்

என் அன்புக்குரிய அப்பா,

அந்தக் கடிதத்தில் நீங்கள் விரும்பித்தான் கையெழுத்து வைத்தீர்களா? மூன்று கிழமையாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியாது. நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. கேட்கக்கூடிய காலத்தில் நான் கேட்கவில்லை. நீங்களும் தானாகச் சொல்கிற ஆள் இல்லை.

உங்கள் கப்பலைக் கடற்படை நாளைக்குச் சேவையிலிருந்து விலக்குகிறது. நாலு பஸ்ஸை வரிசையாக விட்டால் வருகிற நீளம் அவளுக்கு. கடதாசியில் 'பலபணிக் கப்பல்' என்று பெயர்; நீங்கள் 'வேலைக்காரி' என்பீர்கள். தீவுகளுக்குக் குடிதண்ணீர், வெளிச்சவீட்டுக்கு எண்ணெய், சோதனை வினாத்தாள், வாக்குப்பெட்டி, பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்கள் என்று எல்லாவற்றையும் அவள்தான் சுமந்தாள். ஒருதடவை ஒரு நீதவானையும் பத்தொன்பது ஆடுகளையும் ஒன்றாக ஏற்றி வந்த கதையைச் சொல்லி, அதிகம் சத்தி எடுத்தது யார் என்று எங்களைக் கேட்டீர்கள். கப்பலைப் பற்றி நீங்கள் வீட்டில் விட்ட பகிடி அது ஒன்றுதான்.

பிறகு முன்தளத்தில் தண்ணீர்த் தாங்கி இருந்த இடத்தில் பீரங்கி பூட்டினார்கள். அந்த மாதமே நீங்கள் கரைக்கு வந்துவிட்டீர்கள். எனக்கு ஒன்பது வயது. பதினொரு வருடம் இயந்திர அறையில் நின்ற மனிதர், அதன்பிறகு களஞ்சியத்தில் கேட்டவனுக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

வெளியில் கதைத்தார்கள். யாழ்ப்பாணம் போனபோது பெரியப்பா உங்களைப் படலையடியிலேயே மறித்து, "உன்ர கப்பல்ல இப்ப பீரங்கியாம். ஆருக்கடாப்பா அது, எங்களுக்கோ?" என்று கேட்டார். நான் இப்போது அதில் இல்லை என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். "பயணக் களை அண்ணை, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றீர்கள். சில வருடங்கள் கழித்துக் கொழும்பில் வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் உங்கள் பழைய கடற்படை அட்டையை நீட்டினீர்கள். நின்றவன் அதை இரண்டுதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கே எடுத்தது என்றான். அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் முகம் எரிந்தது.

போன மாதம், அந்தக் கப்பலில் முன்பு வேலை செய்தவர்களின் சங்கத்திலிருந்து இளைப்பாறிய அதிகாரி ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். மரியாதையான சிங்களம். கப்பலுக்கு விடைகொடுக்கும் விழாவில் அவளில் சேவை செய்த எல்லோருடைய பெயரையும் வாசிப்பார்களாம். இறந்தவரின் பெயருக்குக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டுமாம். ஆனால் உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. 'சொந்த வேண்டுகோளின் பேரில் கப்பலைவிட்டு இறங்கினார்' என்று கோப்பில், நீங்கள் கையெழுத்து வைத்த கடிதத்தோடு இருக்கிறது. தாங்களாக இறங்கியவர்களைச் சேர்ப்பதில்லை என்பது சங்கம் எடுத்த முடிவு.

"மிஸ், அது எப்படிப்பட்ட காலம் என்று எங்களுக்கும் தெரியும். அவர் விருப்பமில்லாமல்தான் இறங்கினார் என்று மகள் நீங்கள் ஒரு வரி எழுதித் தாருங்கள். பெயரைச் சேர்த்துவிடுகிறோம்."

"எனக்கு அது தெரியாதே."

"யாருக்கு மிஸ் தெரியும்? யார் வந்து கேட்கப்போகிறார்கள்?"

ஒரு வரிதான். உங்களை வெருட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது உங்களுக்கு வந்து சேரவேண்டிய நியாயம். பீரங்கி பூட்டிய கப்பலை ஓட்டமாட்டேன் என்று நீங்களே கேட்டு இறங்கியிருந்தால், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த துணிச்சலான ஒரே காரியத்தை அதே வரி அழித்துவிடும். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஊராரின் பிறப்பு, இறப்பு, விவாகரத்து எல்லாவற்றின் கீழும் 'உண்மை' என்று முத்திரை வைக்கிறேன். இந்த ஒரு வரிக்கு எனக்குக் கை வரவில்லை.

அம்மாவைக் கேட்டேன். "உன்ர அப்பா, சோறு இன்னும் கொஞ்சம் போடு எண்டுகூடக் கேட்ட மனுசன் இல்லை. வேலையை வேண்டாம் எண்டு கேட்டிருப்பாரோ? அதுவும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு?" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தார்.

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சுனில் அங்கிளையும் பார்த்தேன். இயந்திர அறையில் உங்களுக்குக் கீழே வேலை செய்தவர், இன்றும் உங்களை 'அய்யே', அண்ணன், என்றுதான் சொல்கிறார்; அவர் உங்களுக்கு 'மல்லி', தம்பி. இரண்டு காதும் மந்தம். அதனால் உங்கள் விஷயம் அந்த ஒழுங்கை முழுவதும் கேட்டது.

"நானா கேட்டுத்தான் இறங்குறேன்னு பேப்பர் டைப் அடிச்சே வந்திச்சு மகள். தமிழ் ஆக்கள் ரெண்டு பேர், ரெண்டு பேப்பர். குசினியில சமைக்கிற செல்வா சைன் வைக்க ஏலாதுன்னு பெரிய சண்டை. அய்யே வாசிச்சார், பேனை கேட்டார், வெச்சார்."

"அப்ப பலவந்தமாத்தானே வாங்கினது?"

"அதை எப்புடிச் சொல்ற? பேப்பர் வர மூணு நாளைக்கு முந்தியே என்னைக் கூட்டிப் போய் எஞ்சினை முழுக்கக் காட்டினார். எந்த வால்வு ஒழுகும், எந்தப் பம்ப் தட்டினாத்தான் வேலை செய்யும், எல்லாம். 'இனி நீதான் பாக்கணும் மல்லி'ன்னு சொன்னார். நான் பகிடின்னு நெனச்சேன்."

வரப்போவதைத் தெரிந்துகொண்டு காட்டினீர்களா, போவதென்று முடிவெடுத்துக்கொண்டு காட்டினீர்களா?

செல்வாவை அடுத்த கிழமையே காரணம் சொல்லாமல் கரைக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் கையெழுத்து வைக்கவில்லை. அதனால் அவருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது. இதை எழுதும்போது சிரிப்புத்தான் வருகிறது அப்பா, நல்ல சிரிப்பு இல்லை.

நாளைக்குப் போவேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுப்பேன். உங்கள் பெயருக்காகக்கூட உங்களைப் பற்றிப் பொய் எழுதமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். 'அவர் பதினொரு வருடம் இந்தக் கப்பலின் இயந்திரத்தைப் பார்த்தார். ஏன் இறங்கினார் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாசித்துவிட்டு, "இதை வைத்து நான் என்ன செய்ய மிஸ்?" என்று திருப்பித் தந்தார். கொடியை இறக்கினார்கள். பெயர்களை வாசித்தார்கள். செல்வாவின் பெயருக்கு யாரும் எழுந்திருக்கவில்லை; அவருடைய ஆட்கள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. சுனில் அங்கிள் தன் பெயருக்கு எழுந்து நின்றார். உங்கள் பெயரை வாசிக்கவில்லை. பாற்சோறு தந்தார்கள், சாப்பிட்டேன்.

அம்மா கதவைத் திறந்தபடியே, "வாசிச்சவங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை. அவையள் கேட்ட மாதிரி நான் எழுதேல்லை."

என் கைப்பையை வாங்கிக்கொண்டார். "நல்லது" என்றார்.

ஏன் நல்லது என்று கேட்டேன். கால் கழுவிவிட்டு வரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் மூத்த மகள்