நொடிக்கு ஒரு மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான்கு கட்டடம், ஏழு லிஃப்ட். மூன்றாவது கட்டடத்தில் ஒரு அம்மாள் நாய்க்குட்டியோடு உள்ளே சிக்கிக்கொண்டார். மேலே மெஷின் ரூமில் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். அம்மாள் நன்றி சொன்னார். நாய் என் கால்சட்டையைக் கடித்தது. பராமரிப்பு யார் பொறுப்பு என்ற விவரம் இரண்டு பேரில் நாய்க்குத்தான் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. என் ஜோக்குக்கு இந்த வீட்டில் வாடிக்கையாளர் ஒருத்திதான். மனைவி கல்யாணமான மூன்றாம் வருஷமே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் என் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து மேலே எறிந்து பிடித்தாள். இது ஏன் திரும்பி வருது என்று கேட்டாள். சொந்த வீடு இங்கதானே, எங்க போகும் என்றேன். சிரித்துவிட்டுப் பாடம் எடுத்தாள்.

நொடிக்குப் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு - பதினொன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் நட்டு திரும்பியே வராதாம். அதற்கு விடுபடு வேகம் என்று பெயர். நட்டுக்கும் அதே வேகம்தான், லிஃப்ட் கூண்டுக்கும் அதே வேகம்தான். எடை ஒரு பொருட்டே இல்லை. எங்கள் சூப்பர்வைசர் எடைக்கல்லும் அதே வேகத்தில் போகலாமா என்றேன் (அவரை லிஃப்ட்டில் ஏற்றினால் எடைச் சோதனை முடிந்த மாதிரி, அதனால் அந்தப் பெயர்). போகலாமாம். தள்ளிவிடத்தான் ஆள் கிடைக்காது.

அவ்வளவு உயரம் போன பிறகு பூமி இழுக்காதா என்று கேட்டேன்.

"இழுத்துக்கிட்டேதான் இருக்கும்பா. போகப் போகக் குறையும், ஆனா நிக்காது. வேகம் தீர்றதுக்குள்ள இழுப்பு தோத்துப் போயிடும், அவ்வளவுதான்."

ராக்கெட் இன்னும் வேறு மாதிரியாம். எறிந்த கல்லுக்குத்தான் ஆரம்பத்திலேயே அத்தனை வேகம் வேண்டும். தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகிற பொருள் மெதுவாகக்கூடப் போகலாம், நிறுத்தாமல் இருந்தால் போதும்.

என் லிஃப்ட்டின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். அவள் சொன்ன நட்டு ஒரு நொடியில் போகிற தூரத்தை நான் எட்ட மூன்று மணி ஆறு நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டாம் வகுப்பு பெயில் என்று யார் சொல்வார்கள்?

மார்ச் 20, வியாழன்

அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. விண்கலம் கட்டுகிற நிறுவனத்தில் நான்கு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. ரயிலில் இரண்டு நாள் தூரம். நேர்முகத் தேர்வு ஏப்ரல் பத்து, காலை பத்து மணி. இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். என் கட்டடம். ஒன்பதாவது மாடி. அங்கே இருக்கிற இரண்டு லிஃப்ட்டும் என் கையில்.

மனைவி மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவ போயிட்டா உங்க ஜோக்கை லிஃப்ட்டுகிட்ட சொல்லுங்க. அதாவது ஏறி இறங்கும்."

நல்ல ஜோக். என்னுடையதைவிட நல்லது. அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 2, புதன்

மகள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுத்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் வெளியூரில். மாதம் ஒரு தடவை பேசுகிறார்கள், அதுவும் நாலு நிமிஷம் என்று பெருமையாகச் சொன்னார். நாலு நிமிஷத்தில் என்ன ஜோக் சொல்ல முடியும்? முன்கதைக்கே போதாதே.

ஏப்ரல் 10, வியாழன்

லிஃப்ட் நின்றுவிட்டது. பதினொரு மணிக்குத்தான் அவளால் மேலே போக முடிந்தது. பத்தரைக்கே பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வரச் சொன்னார்களாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த டைரி கம்பெனி கொடுத்தது. அட்டையில் எடைக்கல்லின் சிரித்த முகம் இருப்பதால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

அன்று நான் எட்டு மணிக்கே மெஷின் ரூமில் இருந்தேன். பத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மகள் கீழேயிருந்து போன் செய்தாள். "படியில போயிடறேன்பா. டைம் இருக்கு." நான்தான் விடவில்லை. உங்க அப்பன் பாக்குற லிஃப்ட்டை நம்பாம ஒன்பது மாடி நடப்பியா, வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்காருவியா என்றேன். இடது பக்க லிஃப்ட்டில் ஏறு, அது என் செல்லம் என்றேன்.

கயிறு நகர ஆரம்பித்தது. மறுமுனையில் அவள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடிகளை எண்ணினேன். ஆறு தாண்டியதும் அந்த லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஏன்? தெரியல. இருபதே நிமிஷம்னுதான் நினைச்சேன். சத்தியமா. ஐந்து நிமிஷம் தாமதமா போனா கொஞ்சம் பதறுவா, கொஞ்சம் உளறுவா, அவங்களே வேண்டாம்னுடுவாங்க. நான் ஒண்ணும் பண்ணின மாதிரி இருக்காது. இதைத்தான் நினைச்சேனா? இப்ப எழுதும்போது இப்படி வருது.

உள்ளே இன்டர்காம் இருக்கிறது, என்னோடு மட்டும் பேசலாம். கூண்டுக்குள் போன் எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். "அப்பா, நின்னுடுச்சு" என்றாள். "விண்வெளிக்குப் போறவளுக்கு ஆறாவது மாடியிலேயே மூச்சு வாங்குதா?" என்றேன். சிரித்தாள். நாய்க் கதையை மறுபடி சொன்னேன், சிரித்தாள். பத்தாவது நிமிடம், கைச்சக்கரத்தைச் சுற்றி அடுத்த மாடிக்குக் கொண்டுவரச் சொன்னாள். சக்கரம் இறுகிக்கொண்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. நான் மேலும் நாலைந்து ஜோக் சொன்னேன்.

மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம்.

ஏப்ரல் 28, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் மகள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள், அந்த லிஃப்ட்டுக்கு என்ன பழுது என்று தெரிந்ததா? மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற காண்டாக்டர் கருகியிருந்தது என்றேன். ஓ என்றாள்.

மே 2, வெள்ளி

மறுபடி கேட்டாள். மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கிறது என்றேன். காண்டாக்டர்னு சொன்னீங்களே என்றாள். அதனாலதான் கண்ணு இது, ஒன்னோட ஒன்னு தொடர்பு என்றேன்.

மே 16, வெள்ளி

இன்று எலி. எலி ஒயரைக் கடித்தது என்று சொன்னேன். என்ன எலி, எத்தனை ஒயர், எந்தக் கலர் என்று அக்கறையாகக் கேட்டாள். குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன்.

தினமும் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று, இன்றைக்கு என்ன பழுது என்று யோசித்துவிட்டு உள்ளே போகிறேன். முப்பது வருஷ வேலையில் இத்தனை வகைப் பழுது நான் பார்த்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

எடைக்கல் ஆபீசுக்குக் கூப்பிட்டார். சரி, தெரிந்துவிட்டது, வேலை போச்சு என்று போனேன். எல்லோரையும் நிற்கவைத்து ஒரு கடிதத்தை வாசித்தார். "ஏப்ரல் பத்தாம் தேதி லிஃப்ட்டில் சிக்கிக்கொண்ட என்னை, எழுபது நிமிடமும் நகைச்சுவையாகப் பேசி, தைரியம் இழக்காமல் பார்த்துக்கொண்டார் உங்கள் ஊழியர். அவர் என் தந்தை என்பதால் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கும் இதையேதான் செய்திருப்பார் என்று நம்புகிறேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கடைசி வரியை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்து ஒருத்தி இப்படி எழுதுவாளா?

ஜூன் 20, வெள்ளி

பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு. இனி மாதம் ஒரு நாள் புது மெக்கானிக்குகளுக்கு, உள்ளே சிக்கியவரிடம் எப்படிப் பேசுவது என்று நான் வகுப்பு எடுக்க வேண்டும்.

அலமாரிக்குப் பின்னால் செருகிவைத்தேன். மகள் எடுத்துக் கூடத்துச் சுவரில், நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினாள். கோணலா இருக்கா பாருங்கப்பா என்று கேட்டாள். நேராக இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பேரும். மகள் வழக்கம்போலக் கேட்டாள். நான் புதிதாக ஒன்று தயாராக வைத்திருந்தேன், கவர்னர் விழுந்திருக்கலாம் என்று. கூண்டு அளவுக்கு மீறி வேகமெடுத்தால் கவ்விப் பிடிக்கிற பூட்டு அது.

அவள் தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"கவர்னர் விழுந்தா கூண்டு குலுங்கும்பா. குலுங்கல. கரண்டு போச்சுன்னா ரெண்டு லிஃப்ட்டும் நிக்கும். பக்கத்து லிஃப்ட் என்னைத் தாண்டி ஒன்பது தடவை போச்சு, எண்ணினேன். சக்கரம் இறுகினா அதுவரைக்கும் கூண்டு ஓடியே இருக்காது. இதெல்லாம் எட்டு வயசுல நீங்க சொல்லிக் குடுத்தது. அப்ப மிச்சம் இருக்கிறது மெயின் சுவிட்ச்."

மனைவி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மகள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள இருக்கும்போதே தெரியும். திட்டறதுக்குக் கேக்கல. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தை. பயந்துட்டேன் கண்ணு - அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாய்க்கு வர்றதுக்குள்ள வேற ஒண்ணு முந்திக்கிச்சு.

"பூமி உன்னைப் பிடிச்சு வைக்கச் சொல்லிச்சு. நான் அதோட லோக்கல் ஏஜென்ட்."

மகள் சிரித்தாள். லிஃப்ட்டில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நின்றால் மரியாதைக்கு ஒன்று சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்ததும் தண்ணீர் கொடுத்தாள். கேள்வி கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மனைவி ஒரு வாரம் கழித்து வாயைத் திறந்தாள். அந்த எழுபது நிமிஷத்தில் ஒரு தடவைகூடக் கை சுவிட்ச் பக்கம் போகவில்லையா என்று கேட்டாள்.

போச்சு என்றேன்.

"அப்புறம்?"

"அவ சிரிச்சுட்டு இருந்தா. சரி, இன்னும் ஒண்ணு சொல்லிட்டுப் போடலாம்னு…"

"சிரிப்பு நின்னப்புறம்?"

மறுபடி சிரிக்கட்டும், அப்புறம் போடலாம் என்று காத்திருந்தேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். எனக்குச் சோறு போடுவதைப் பாதியில் நிறுத்தினாள், பிறகு மீதியையும் போட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

இன்று வகுப்பு. பன்னிரண்டு புது ஆட்கள். உள்ளே இருப்பவர் சிரிக்கிறார் என்றால் பயப்படவில்லை என்று அர்த்தமில்லை, வெளியே இருப்பவன் பயப்படக் கூடாது என்பதற்காகவும் சிரிக்கலாம் என்று சொன்னேன். ஒருவன் குறித்துக்கொண்டான். எடைக்கல் இது நல்ல பாயிண்ட் என்றார்.

வீட்டில் நாய்க் கதையைச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லிட்டீங்கப்பா" என்றாள் மகள், பணிவாக.

ஏப்ரல் 9, வியாழன்

புது வருஷ டைரி. அட்டையில் இந்தத் தடவை நான், சான்றிதழோடு.

மறுபடி நேர்முகத் தேர்வு, அதே கட்டடம், அதே பத்து மணி. அவள் என்னிடம் தேதியே சொல்லவில்லை, கட்டடத்து நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காலை எட்டரைக்கு வாட்ச்மேன் போன் செய்தார், "உங்க பொண்ணு லிஃப்ட்டைத் தாண்டிப் படிப் பக்கம் போகுது சார், லிஃப்ட் ஓடுதுன்னு சொல்லிட்டேன், கேக்கல." மேலே போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாளாம். வேர்வையெல்லாம் காய்ந்திருக்கும்.

நான் ஊரின் மறுகோடியில், வேறொரு லிஃப்ட்டின் பள்ளத்தில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அதை அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால் ஜோக் மாதிரி இருக்கும்.

மே 5, செவ்வாய்

கிடைத்துவிட்டது. மனைவி சொல்லித் தெரியும்.

ஜூன் 14, ஞாயிறு

ரயில் மதியம். பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. பெரிய பெட்டி இருபது கிலோவுக்குக் குறையாது. நான் முன்னாலேயே போய் லிஃப்ட்டை வரவழைத்து, கதவு மூடாமல் காலால் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்று சாயங்காலம்தான் முழுசாகச் சோதித்திருந்தேன். பிரேக், கயிறு, கவர்னர், எல்லாம்.

"ஏறு கண்ணு. நானும் கூட வரேன். நின்னா நானும்தான் உள்ள இருப்பேன்."

அவள் பெட்டியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"படியில போயிடறேன்பா. டைம் இருக்கு."

கோபமே இல்லை. ஒவ்வொரு படியாகப் பெட்டியை இறக்கினாள். டொக். டொக். சின்னப் பையோடு மனைவி பின்னால் இறங்கினாள். நான் லிஃப்ட்டில் கீழே வந்தேன். பதினைந்து நொடி. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு. மூணு. திருப்பத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, மூச்சு வாங்குகிறாளோ என்னவோ. பிறகு டொக்.

கீழே வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் வாயில் ஒரு ஜோக் இருந்தது. நல்ல ஜோக். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வரேன்பா" என்றாள். ஸ்டேஷன் வரை நான் வருவதாகப் பேச்சே இல்லை.

ஒரு மணிக்கு மனைவி திரும்பி வந்தாள். கீழேயே நின்றுகொண்டிருந்தேன். லிஃப்ட் கதவைத் திறந்துவைத்தேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் வலி, டாக்டர் படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

என்னைத் தாண்டிப் போய்ப் படியில் கால் வைத்தாள்.