பிக்கில் மிஞ்சிய பெயர்

டோஹா, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குத் தவறாமல் போங்கள்.

வெள்ளிக்கிழமைத் தேவாலயப் பூசையில் ஒரு பகிடி நடந்தது. பாட்டின் நடுவில் கிற்றார் தந்தி மீட்டும் என் பிக் இரண்டாக உடைந்து பறந்தது. அது செலுலோயிட், ஓசை கணீரென்று இருக்கும், ஆனால் வெடித்துவிடும். நைலோன் பிக் வளைந்து கொடுக்கும், வருடக்கணக்கில் உழைக்கும், ஓசைதான் மந்தம். அதனால் பேர்சில் வைத்திருந்த மூன்றாவதை எடுத்தேன். விரலுக்குப் பழகியதும் காதுக்கு இனியதும் அதுதான். மீட்ட மீட்டத் தேயும் என்பதால் அதை வெளியே எடுப்பதில்லை.

அப்பா, அது உங்கள் பிளாஸ்ரிக் மீனவர் அட்டையின் துண்டு. பழையது என்று நினைத்து, பதினாறு வயதில் அலுமாரியிலிருந்து எடுத்து நான்தான் பிக்காக வெட்டினேன். அட்டை இல்லாமல் கடலுக்கு விடமாட்டார்கள். நீங்களோ அதைக் கடலில் விழுத்திவிட்டதாக உங்களையே ஏசிக்கொண்டு, மூன்று கிழமை தொழிலுக்குப் போக ஏலாமல் கதிரையில் இருந்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து படகுக்குள் தேடினேன்.

குருசுமுத்து என்ற உங்கள் பெயரில் 'முத்து' மட்டும் பிக்கில் மிச்சம். பக்கத்தில் பாடும் மாக்கிறேற் அக்கா அதைக் கண்டுவிட்டு, "ஆர் தம்பி இந்த முத்து?" என்று கேட்டார்.

"அது பிக் செய்யிற கொம்பனி, அக்கா," என்றேன்.

லீவு முடிந்து திரும்பும் அன்ரனிதாஸ் அண்ணையிடம் கூழ் காய்ச்ச ஒடியல் மா கொஞ்சமும் உங்கள் படம் ஒன்றும் கொடுத்துவிடுங்கள். படம் மாக்கிறேற் அக்காவிடம் காட்டுவதற்கு. வேலை பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
எமில்