நேர்த்தி செய்த விதை

டிச. 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசிலேயே கிடக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நின்றபடி. கண்டக்டர்: "கூட்டேரிப்பட்டு எறங்கறவங்கள்லாம் முன்னாடி வாங்க, ஜல்தி ஜல்தி." பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள். "வெறும் 'ம்'னு அனுப்பிக்கிறான்டி. அதுக்கு இன்னா அர்த்தம்?" "ம்னா ம்தான், வுடு."

வாங்க: அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. ரீஃபில் 2. நூலகப் புத்தகங்கள் திருப்ப வேண்டும், கெடு முடிந்து நான்கு நாள்.

திங்கள் என்றால் கருத்துக் கேட்பு. விவசாயம் பார்ப்பவர்களின் செல்போனுக்கு எங்கள் ஆபீஸ் அனுப்பும் குரல் செய்திகளைத் தமிழில் எழுதுவது நான். பேசிப் பதிவு செய்வது தேன்மொழி. வாரம் பத்துப் பேரைக் கூப்பிட்டு, கேட்டீர்களா, பயன்பட்டதா என்று விசாரிப்பதும் என் வேலை. ஏழாவது எண், ஒலக்கூர் பக்கம். அஞ்சலை. கூலி வேலை, வயது முப்பது.

"கேட்டேங்க. ரெண்டு வாட்டி கேட்டேன்."

"பயனுள்ளதா இருந்ததா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குதுங்க."

விதைப்புக்குக் கூலி போன கழனியில் கிடைத்த மல்லாட்டை, விதைக்கடலை. வீட்டுக்கு எடுத்துப்போய் வறுத்துக் கொடுத்திருக்கிறாள். வாந்தி, மயக்கம். குழந்தைக்கு ஐந்து வயது. நேற்றிலிருந்து குளுக்கோஸ் ஏறுகிறது.

"விதையைச் சாப்பிடக் கூடாதுன்னு செய்தியில சொல்லியிருந்தோமே" என்றேன். என் குரல் எனக்கே பதிவு செய்த குரல் மாதிரி கேட்டது.

"நேர்த்தியா இருக்கறத சாப்புடாதீங்கன்னுதானே சொன்னீங்க? அதான் நல்லா உருண்டையா இருந்ததெல்லாம் வெதைக்குன்னு பொறுக்கி வெச்சிட்டேன். ஒடஞ்சது, சூம்பனதுதான் வறுத்தேன். ரோஸ் கலரு இருந்துச்சு, மூணு வாட்டி கழுவனேன்."

படிவத்தில் அடுத்த கேள்வி: செய்தியின்படி நடந்தீர்களா? 'ஆம்' என்று போட்டேன். வேறென்ன போட. பிறகு மீதி மூன்று எண்கள்.

மதியம் எலுமிச்சை சாதம். முழுவதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன்.

டிச. 9, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். புத்தகத்தில் ஒரே பக்கம் மயிலம் வரை.

செய்தியை எடுத்துப் பார்த்தேன். "நேர்த்தி செய்த நிலக்கடலை விதைகளை உணவாக உட்கொள்ள வேண்டாம்." என் வரிதான். விதை அழுகாமலிருக்க அதோடு ரோஸ் நிறப் பூசண மருந்து கலப்பதற்கு விதை நேர்த்தி என்று பெயர். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். கல்லூரியில் இந்தச் சொல்லை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். புத்தகத்துக்கு வெளியே நேர்த்தி என்றால் அழகு. ஒழுங்கு. குறையில்லாதது. சாமிக்கு நேர்ந்துகொண்டது. விஷம் என்ற வாடையே அதில் இல்லை.

இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும். எழுதும்போது ஒன்றுதான் தெரிந்தது.

நான்காம் வகுப்பில் ஒருமுறை மல்லாட்டை என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து மேலே நிலக்கடலை என்று எழுதினார். அன்றிலிருந்து வாயில் ஒன்று, கையில் ஒன்று.

பதிவு செய்த அன்று தேன்மொழி சொன்னாள்: "மருந்து போட்ட மல்லாட்டன்னு சொல்லிடலாமேக்கா. நேர்த்தி கீர்த்தின்னுக்கினு." நான்: "மருந்துன்னா காய்ச்சல் மருந்துன்னு நெனச்சுப்பாங்கடி. மல்லாட்டன்னெல்லாம் எழுதவும் முடியாது." சிரித்தேன் வேறு. இன்று அவளிடம் நடந்ததைச் சொன்னபோது அதை அவள் நினைவுபடுத்தவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நேர்த்தி செஞ்ச விதைன்னா இன்னாம்மா?"

"நல்லதா பாத்துப் பொறுக்கி எடுத்த வெதை. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"சொட்டு மருந்து வாங்கியாந்தியா?"

மறந்துவிட்டேன்.

டிச. 10, புதன்

மூடுபனி. டிவைடர் ஓரத்து அரளிகூடத் தெரியவில்லை. சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

பாதிப்பு என்று பதிந்ததால் கம்ப்யூட்டரில் அஞ்சலையின் பெயர் இன்னும் திறந்தே இருக்கிறது. காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மூடும். மூன்று காரணங்கள் தருகிறது. எண் தவறு. செய்தி கேட்கப்படவில்லை. பயனாளர் தவறாகப் புரிந்துகொண்டார்.

மேலாளர் ரகு சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூணாவத போட்டு க்ளோஸ் பண்ணும்மா. வெள்ளிக்கிழம ரெண்டாவது ரவுண்டு போவணும். வெதைப்பு முடிஞ்சிட்டா யாருக்கு அனுப்பறது?"

"அதே செய்தியாங்க சார்?"

"அதேதான். அப்ரூவல் வாங்கியாச்சு, ரெக்கார்டிங் ரெடியா கீது. இப்ப மாத்தனா ஏன்னு மேல கேப்பாங்க. பேஜாரு. எழுதனது யாருன்னு பாத்தா உம் பேருதான் வரும்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "கொழந்த பொழச்சிக்கும்மா. நீ போட்டு வுடு."

கெட்டவர் இல்லை. சேர்ந்ததா இல்லையா என்பதுதான் அவர் கணக்கு. அஞ்சலையின் எண்ணுக்கு எதிரே 'சென்றடைந்தது' என்று பச்சை நிறத்தில் இருக்கிறது.

மூன்றாவது காரணத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டாள். இரண்டு வாட்டி.

அழுகை வருமோ என்று பார்த்தேன். கொட்டாவி வந்தது.

வெள்ளிக்கிழமை அதே வரி மயிலம், ஒலக்கூர், பனமலைப் பக்கமெல்லாம் போகும். மிஞ்சிய விதையை எத்தனை முறத்தில் புடைப்பார்கள். நல்லது ஒரு பக்கம், சூம்பியது ஒரு பக்கம்.

மூடவில்லை. அப்படியே வீட்டுக்கு.

டிச. 11, வியாழன்

வெயில். துணி காய்ந்துவிடும்.

'பிற குறிப்புகள்' என்று கீழே ஒரு கட்டம். யாரும் நிரப்புவதில்லை. எழுதினேன்: "கேட்டவர் சரியாகப் புரிந்துகொண்டார். சொல் தவறு. எழுதியது நான்." பெயர் போட்டேன். மேலிடத்துக்கும் ரகு சாருக்கும் ஒரே அழுத்தில் போய்விட்டது. டீ குடித்தேன், சர்க்கரை அதிகம்.

சார் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். "இப்ப அந்தப் பழச அனுப்பவும் முடியாதேம்மா" என்று மட்டும் சொன்னார். "நாளைக்கு ஒன்ன மேலருந்து கூப்புடுவாங்க. அதுக்குள்ள புதுசு எழுது. சாயங்காலம் நாலு மணிக்கு ரெக்கார்டிங்."

எழுத ஐந்து நிமிடம்தான் ஆனது. யாரிடம் படித்துக் காட்டுவது? சார், தேன்மொழி, நான், மூன்று பேருக்கும் எப்படி எழுதினாலும் புரியும். மூன்று மணிக்கு அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"பாப்பா எப்படி இருக்குதுங்க?"

"கஞ்சி குடிச்சிது. நாளைக்கு வூட்டுக்குப் போலான்ட்டாங்க. யாரு?"

"செய்தி அனுப்பற ஆபீஸ்ல இருந்து. திங்கக்கிழம பேசினேனே."

"மறுபடியும் பயனுள்ளதா இருந்துச்சான்னு கேக்கப் போறியா?"

"இல்லைங்க. வேற மாதிரி எழுதிக்கிறேன். புரியுதான்னு நீங்க சொல்லணும்."

படித்தேன். "வெதைக்கு மருந்து கலந்த மல்லாட்ட வெஷம். நல்லது, ஒடஞ்சது, சூம்பனது எதையும் சாப்புடாதீங்க. கழுவினாலும் வறுத்தாலும் வெஷம் போவாது."

"ம்" என்றாள்.

அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. காத்திருந்தேன்.

"அன்னிக்கு எழுதனது யாரு?"

"நான்தாங்க."

அந்தப் பக்கம் வார்டு சத்தம். யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டம்ளர் ஒன்று உருண்டது. போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். குழந்தை ஏதோ கேட்டது, "இரு, வர்றேன்" என்றாள் அதனிடம்.

பிறகு என்னிடம்: "வரப்புல சிந்தனதும்னு சேத்துக்க. நான் அங்கதான் பொறுக்கனேன்."

சேர்த்தேன்.